மூன்று புள்ளிக்கு ஓர் எண்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் குடிநீர் வாரியத்தின் எழுத்துக் குழுவில் இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் தேநீரை உறிஞ்சியபடியே, "அது சரி, ஆனா 'க' அடிச்சா 'க'தானே வருது?" என்று கேட்பார்.

வருகிறது. ஆனால் வழியில் வருவது 'க' இல்லை. விசையைத் தட்டியதும் உள்ளே போவது ஓர் எண். எங்கள் அட்டவணைப்படி நூற்று எழுபத்தொன்று. அந்த எண் கம்பி வழியாக அச்சு இயந்திரத்துக்குப் போகிறது. இயந்திரம் தன்னிடம் இருக்கும் அட்டவணையில் நூற்று எழுபத்தொன்றாம் கட்டத்தைத் திறந்து பார்க்கிறது. தாளில் எந்தெந்தப் புள்ளியைக் குத்த வேண்டும் என்று அங்கே குறித்திருக்கிறது. குத்துகிறது. நாம் அதைப் பார்த்து 'க' என்கிறோம். அந்தக் கட்டத்தில் ஒரு பூனைப் படத்தை வைத்துவிட்டால் அன்று முதல் காகம் என்ற சொல்லில் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருக்கும். இயந்திரம் அதற்காக வெட்கப்படாது.

வாரியம் புள்ளி அச்சு இயந்திரங்கள் வாங்கிய ஆண்டு அது. புகார்ச் சீட்டு, கட்டண ரசீது, சம்பளச் சீட்டு, ஊழியர்களின் பணிப்பதிவு எல்லாம் இனி தமிழிலேயே அதில் வர வேண்டும் என்று முடிவானது. நிரல் எழுதத் தெரிந்தவன் வாரியத்திலேயே நான் ஒருவன்தான். வேறு அலுவலகங்கள் செய்து வைத்திருக்கும் எழுத்து அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் கூட்டத்தில் சொன்னேன். வாரியத் தலைவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அவங்க அட்டவணையில நம்ம தண்ணி ஓடுமா தம்பி?" என்று கேட்டார். சில கேள்விகள் கேட்கப்பட்டதும் அறையில் ஓர் அமைதி வரும். அந்த அமைதியிலேயே தீர்மானம் நிறைவேறிவிடும். வாரியத்துக்கென்று தனி அட்டவணை, அதற்கென்று ஒரு குழு. தலைவர், தலைமைப் பொறியாளர், கணக்கு அதிகாரி, மொழிக்கு ஒரு புலவர், எடுபிடிக்கு நான்.

மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்கள். முதல் பாதியை இயந்திரம் செய்தவர்களே ஆங்கில எழுத்துக்கும் எண்களுக்கும் இன்ன பிறவற்றுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது நூற்று இருபத்தெட்டு. தமிழுக்கோ இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள். அதனால் எழுத்துகளைப் பிரித்துப் போட்டோம். கொம்பு ஒரு கட்டம், கால் ஒரு கட்டம். கொம்பும் 'க'வும் காலும் வரிசையாக வந்தால் 'கொ'. இப்படிச் சிக்கனம் பண்ணியும் இடம் போதவில்லை. குழுவினர் கட்டம் என்பதை விட்டுவிட்டுச் சீட்டு என்று சொல்லத் தொடங்கியபோதே எனக்குள் கொஞ்சம் பயம் வந்தது. சீட்டு என்றால் சிபாரிசும் வரும். பொறியாளர் சதுர மீட்டருக்கு ஒரு குறி கேட்டு வாங்கினார். கணக்கு அதிகாரி சதவீதத்துக்கு இரண்டாவதாக ஒரு குறி கேட்டார், முதலாவது ஆங்கிலப் பக்கத்தில் இருப்பதால் அது நம்முடையது ஆகாதாம். தமிழ் எண்களை வெளியேற்றினார்கள். புலவர் இரண்டு கூட்டங்களுக்குத் தேநீர் குடிக்காமல் தன் எதிர்ப்பைக் காட்டினார். 'ஙூ' வெளியேறியபோது யாரும் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

கடைசியில் அட்டவணை நிரம்பியது. எல்லோருக்கும் பின்னால், இருநூற்று ஐம்பத்தைந்தாம் கட்டத்தில், ஆய்த எழுத்து. ஃ. உயிரோடும் சேராமல் மெய்யோடும் சேராமல் தனியே நிற்கும் எழுத்தை வரிசையின் ஓரத்தில் நிறுத்தியதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. நானும் கூட்டங்களில் அந்த ஓர நாற்காலியில்தான் உட்காருவேன்.

அது மட்டும் காரணமில்லை. என் மனைவியின் பெயரில் இரண்டாவதாக வருவது அந்த எழுத்துதான்.

அவளும் இதே வாரியத்தில், தரைத்தளத்தில், புகார் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். வரிசையில் வருபவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்து சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. வீட்டில் நான் அதிகம் பேசுவதில்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார். அதற்கு மட்டும் சீட்டுக் கிடையாது. இரண்டு சொற்களுக்கு நடுவே விடுகிற வெற்றிடத்துக்கும் இயந்திரத்தில் ஓர் எண் உண்டு, அது முப்பத்திரண்டு என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் அதுவே பெயர். "முப்பத்திரண்டு, சாப்பிட வாங்க" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் அதை என் வயது என்று நினைத்து என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

அட்டவணையை ஒப்புதலுக்கு வைத்த கூட்டத்தில் தலைவர் தன் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். வாரியத்தின் புதிய சின்னம், அவரே வரைந்தது. மேலே ஒரு குழாய், கீழே விரித்த இரண்டு கைகள், நடுவே ஒரு துளி. துளி கைகளுக்கு வந்து சேரவில்லை என்பதை யாரும் குறிப்பிடவில்லை. இது இனி வாரியத்தின் எல்லாத் தாள்களிலும் தலைப்பில் வர வேண்டும், அட்டவணையில் இதற்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றார்.

தாளிலேயே முன்கூட்டி அச்சடித்து வாங்கலாம் என்றார் கணக்கு அதிகாரி. அடுத்த நொடியே, அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், அது முடிய இந்தத் தலைவரின் பதவிக்காலம் போதாது என்று தன் யோசனையைத் தானே தள்ளுபடி செய்தார். ஆக ஒரு சீட்டைக் காலி செய்ய வேண்டும். யாரை எழுப்புவது?

கணக்கு அதிகாரி ஏற்கெனவே கணக்குப் பார்த்து வைத்திருந்தார். வாரியத்தின் தாள்களிலேயே மிகக் குறைவாக வரும் எழுத்து ஃ. எஃகுக் குழாய் வாங்கும்போது வரும். அதை விட்டால், என் மனைவி சம்பளம் வாங்கும்போது வரும்.

பொறியாளர் உடனே, எஃகை இரும்பு என்று எழுதிக்கொள்ளலாம், குழாய்க்குத் தெரியவா போகிறது என்றார். இப்படியாக அந்தப் பிற்பகலில், ஓர் எழுத்துக்கு இடமில்லாததால், நகரத்தின் எஃகுக் குழாய்கள் அத்தனையும் இரும்பாயின.

நான் வாயைத் திறந்தேன். அபூர்வமாகத்தான் திறப்பேன். கணக்கு அதிகாரி கையை உயர்த்தினார்.

"நீங்க இதுல பேசக் கூடாது. வீட்டம்மா பேரு சம்பந்தப்பட்டது. சொந்தம்னு ஆயிடும்."

புலவரைப் பார்த்தேன். புலவர் எழுந்து ஆய்தத்தின் பெருமையைப் பேசத் தொடங்கினார். முப்பாற்புள்ளி என்றார், தனிநிலை என்றார், அதன் ஒலி நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவே பிறக்கும் நுட்பத்தைத் தன் தொண்டையிலேயே காட்டினார். எனக்கு நம்பிக்கை வந்தது. அரை மணி நேரம் கழித்து அவர் முடிவுக்கு வந்தார். இவ்வளவு பெருமை வாய்ந்த எழுத்தை ஓர் இயந்திரத்தின் எண்ணுக்குள் அடைப்பது அதற்கு இழுக்கு, ஆகவே அதை மரியாதையுடன் விடுவித்துவிடலாம். எல்லோரும் கைதட்டினார்கள். தமிழ் எண்களை வெளியேற்றியதற்கு அவர் பழிவாங்கினாரா, இல்லை உண்மையிலேயே அப்படி நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்.

அப்படியே தேவைப்பட்டாலும், மூன்று முற்றுப்புள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

சின்னத்துக்கு எந்த எண் என்பதை அடுத்த கூட்டத்தில் முறைப்படி குறிப்பது என்று கலைந்தோம். அதற்குள் ஊழியர் பெயர்களை மாதிரிக்கு அச்சடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே நான்கைந்து நாட்கள் போய்விட்டன. ஒரு மாலை நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேல் அவள் ஒரு தாளை வைத்தாள். மாதிரி அச்சு. அவள் பெயரின் நடுவில் வரியின் அடியோடு ஒட்டியபடி மூன்று முற்றுப்புள்ளிகள் வரிசையாக இருந்தன. யாரோ அவளைக் கூப்பிடத் தொடங்கி, பாதியில் தயங்கி நின்றுவிட்டது போல இருந்தது.

"இது யாரு?" என்றாள்.

"நீதான்."

"நான் இல்ல. இது யாரோ திக்கித் திக்கிப் பேசற பொம்பள."

நடந்ததைச் சொன்னேன். சின்னம், சீட்டு, சொந்தம் என்று என் வாயை அடைத்தது, புலவர் விடுவித்தது, எல்லாவற்றையும். துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

பிறகு அவள் பேசினாள். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும் ஆசிரியை அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டுக் கூப்பிடுவாராம். இவள் 'உள்ளேன்' சொல்ல மாட்டாளாம். மாதக் கடைசியில் பாதி நாள் வரவில்லை என்று அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்களாம். அப்பா தன் சட்டைப் பேனாவை எடுத்து, தலைமை ஆசிரியர் முன்னாலேயே வருகைப் பதிவேட்டில் மூன்று புள்ளியையும் வைத்துவிட்டு வந்தாராம்.

"அவருக்குப் பேனா போதுமா இருந்துச்சு" என்றாள். "உங்க அக்கா இன்னைக்கு வரைக்கும் தப்பாத்தான் கூப்பிடறாங்க. அவங்க மனுஷி, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா புரிஞ்சுக்குவாங்க. மெஷின்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சு என்ன ஆகப்போகுது? பணிப்பதிவுல ஒரு தடவை ஏறிட்டா ரிட்டயர் ஆகற வரைக்கும் அதான் பேரு."

நான் மாதிரித் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க முப்பத்திரண்டு. ஊர்ல இருக்கற எழுத்துக்கெல்லாம் சீட்டுக் குடுத்தீங்க. பொண்டாட்டியோட மூணு புள்ளிக்கு ஒரு இடம் இல்லையா?"

"பேசக் கூடாதுன்னுட்டாங்க."

"நீங்க பேசாம இருக்கறதுக்கு உத்தரவு வேற போட்டாங்களா? நல்லா ஆளப் பாத்துப் போட்டிருக்காங்க."

அவள் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாதிரித் தாளை எடுத்து நாலாக மடித்துத் துணிகளோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மற்றவர்களுக்கு அது ஒரு கட்டம். அவளுக்கு அப்பா வைத்துவிட்டுப் போன புள்ளி. இரண்டையும் ஒரே எண்தான் குறிக்கிறது. எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பதுதான் அதன் சிறப்பு என்று நிரல் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் நான் ஒன்றும் திட்டமிட்டுப் போகவில்லை. வழக்கமான ஓர நாற்காலி. கணக்கு அதிகாரி தீர்மானத்தை வாசித்தார். வாரியச் சின்னத்துக்கு எண் இருநூற்று ஐம்பத்தைந்து.

தலைவர் நிமிர்ந்தார். "அது எங்க இருக்கு?"

"கடைசி சீட்டுங்க ஐயா" என்றார் பொறியாளர்.

அறையில் தேநீர்க் கோப்பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. வாரியத்தின் சின்னம், தலைவர் கைப்பட வரைந்தது, ஆங்கிலத்துக்குப் பின்னால், அனாவுக்குப் பின்னால், அரைப்புள்ளிக்கும் கொம்புக்கும் பின்னால், கடைசியிலா? யாரும் இதை யோசித்திருக்கவில்லை. பொறியாளர் 'அ'வை அங்கே அனுப்பிவிட்டு அதன் இடத்தைச் சின்னத்துக்குத் தரலாம் என்றார். புலவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். தலைவர் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அனாவுக்கு முன்னாடி என்ன இருக்கு?"

இது தொழில்நுட்பக் கேள்வி. சொந்தம் இதில் வராது. ஆங்கிலம் இருக்கிறது என்றேன். அதற்கும் முன்னால்? எண்கள். அதற்கும் முன்னால்?

"முப்பத்திரண்டுக்குக் கீழ இருக்கறது எழுத்தே இல்ல ஐயா. அதெல்லாம் கட்டளை."

"கட்டளையா? யாருக்கு?"

"அச்சு மெஷினுக்கு. அந்த எண் வந்தா மெஷின் எதையாவது செய்யும்."

தலைவர் முதுகை நாற்காலியில் சாய்த்தார். அவர் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. கட்டளை இடுகிற வரிசை ஒன்று இருக்கும்போது தன்னை ஏன் கட்டளைக்குக் காத்திருக்கும் எழுத்துகளோடு உட்கார வைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. என்னென்ன கட்டளை என்று மட்டும் கேட்டார்.

பத்து வந்தால் இயந்திரம் ஒரு வரி கீழே இறங்கும் என்றேன். இறங்குவது வேண்டாம் என்றார். எட்டு வந்தால் ஓர் இடம் பின்னால் போகும். பின்வாங்கும் பழக்கம் வாரியத்துக்குக் கிடையாது என்றார். பன்னிரண்டு வந்தால் தாளை வெளியே தள்ளிவிடும் என்றதும் கணக்கு அதிகாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.

"ஏழு?"

"ஏழு வந்தா மணி அடிக்கும் ஐயா."

"மணி அடிக்கும்."

அவர் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. ருசி பார்ப்பது போலச் சொன்னார். பிறகு மேசையின் மேல் இருந்த தன் வரைபடத்தை இரண்டு கைகளாலும் நீவிவிட்டார். சின்னத்தின் எண் ஏழு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். இருநூற்று ஐம்பத்தைந்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், எனக்கு அது வேண்டாம் என்றார்.

கணக்கு அதிகாரி எழுதிக்கொண்டே, "சின்னமும் வரும்ல?" என்று என்னைக் கேட்டார்.

ஏழு வந்தால் மணி மட்டும்தான் அடிக்கும். அந்தக் கட்டத்தில் குத்துவதற்குப் புள்ளிகள் கிடையாது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வாரியத்தின் மாடித் தொட்டி நிரம்பி, சுவரில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அது ஒரு நல்ல நீளமான அமைதி. என்னை ஓராண்டாகப் பார்த்து வருகிற அவர்கள் அதை என் வழக்கமான சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். காலியாகிவிட்ட கடைசி சீட்டில் ஆய்தம் திரும்ப வந்து உட்கார்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் தட்டச்சு செய்த தீர்மானத்தில் அது இருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இயந்திரங்களின் தொடக்க விழா புகார் கவுண்டரில் நடந்தது. தலைவர் வந்தார், குழு வந்தது. நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் புகாரைப் பதிவு செய்வது என் மனைவி. முன்கூட்டியே ஏற்பாடு செய்த புகார்தாரர் வரத் தாமதமானதால், வரிசையில் உண்மையாகவே நின்றுகொண்டிருந்த ஒருவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஒரு வாரமாகத் தெருவில் தண்ணீர் இல்லை என்று சொல்ல வந்த மனிதர். இத்தனை பேர் தன்னைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்து, தண்ணீர் தன் தெருவில் மட்டும்தான் இல்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவள் தட்டச்சு செய்து பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் உலுக்கிக்கொண்டு கணீரென்று ஒரு மணி அடித்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாள் கறகறவென்று வெளியே வந்தது. கணக்கு அதிகாரி அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஐயா, சின்னம் வரலையே."

தாளின் தலைப்பு வெறுமையாக இருந்தது. தலைவர் வாங்கிப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"தம்பி?"

ஒரே ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் போதும், நாளைக் காலையில் ஆய்தம் எழுந்து போகும், சின்னம் அங்கே உட்காரும். சொல்லாமல் நின்றாலும் அதுவேதான் நடக்கும். என் மௌனம் எதற்கும் உதவாத இடம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வந்துச்சே ஐயா" என்றாள் என் மனைவி. "காதுல விழலையா?"

தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"தாள்ல இருந்தா, வாங்கறவர் ஒருத்தர் பாப்பார். அவரும் மடிச்சுப் பையில வச்சுக்குவார். இது வரிசையில கடைசியா நிக்கறவருக்கும் போய்ச் சேரும். படிக்கத் தெரியணும்னுகூட இல்ல."

தலைவர் கூடத்தைப் பார்த்தார். எல்லா முகங்களும் இன்னும் அவர் பக்கமே திரும்பியிருந்தன. அவர் பதவிக்கு வந்த பிறகு தண்ணீருக்காக நின்ற ஒரு கூட்டம் திட்டாமல் அவரைப் பார்ப்பது இதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொரு தடவை அடிம்மா."

அடித்தாள். இந்த முறை அவர் கண்களை மூடிக் கேட்டார். வரிசையின் முன்னால் நின்றவர், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். பதிவாகிவிட்டது என்றாள் அவள். அந்த மணிதானா என்றார். ஆமாம் என்றாள். ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்ற ஆறுதலோடு அவர் போனார்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. வாரியச் சின்னம் ஒலிக்கும்போது பணியில் இருக்கும் ஊழியர்கள் எழுந்து நின்று மரியாதை செலுத்த வேண்டும். புலவர் அதற்கு நாதச் சின்னம் என்று பெயர் சூட்டி எட்டு வரிகள் பாடினார். பொறியாளரின் குழாய்கள் அன்றாடம் உடைவதால், கவுண்டரில் மணி ஓயவே ஓயாது. மக்களும் விரைவில் அதைக் கற்றுக்கொண்டார்கள். சீட்டை வாங்கிய பிறகும் நகராமல், "மணி சரியா அடிக்கலையே, இன்னொரு வாட்டி அடிங்க" என்பார்கள். பெரிய உடைப்புக்கு இரண்டு மணி அடிக்க வேண்டும் என்று ஒரு தெருவே திரண்டு வந்து கேட்டது. தண்ணீர் வந்ததா என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டதாக ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

என் மனைவியின் சம்பளச் சீட்டில் அவள் பெயர் முழுதாக வந்தது. மேலே ஒன்று, கீழே இரண்டு. அதைக் கையில் வாங்கிய அன்று அவள் என் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அக்கா வழக்கம்போலவே தப்பாகச் சொன்னார். இவள் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்கு வரும்போது அவள் பாதம் வீங்கியிருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுவாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். எத்தனையோ மாலைகள், 'விட்டுவிடு, மூன்று புள்ளிதானே' என்ற வாக்கியம் என் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லாமல் இருந்ததைத் தவிர இந்த விஷயத்தில் நான் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை.

கவுண்டருக்கு அடுத்த அறை கணக்கு அதிகாரியுடையது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார். கூட்டலின் நடுவே மணி அடிக்கும், எழுந்து நிற்பார், உட்கார்ந்ததும் முதலிலிருந்து கூட்டுவார். ஒரு நண்பகல் அவர் என்னையும் அழைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். அவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். எல்லாம் பேசி முடித்துவிட்டாராம். கடைசி சீட்டாக இருந்தாலும் தாளில் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று தலைவரை ஒருவழியாக இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாராம். மணி நின்றுவிடும், யாரும் எழ வேண்டாம். பெயர் சம்பந்தப்பட்ட ஊழியர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதும். அவரே அதை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"உங்க காலையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்கம்மா. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அது பொய்யில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். பிறகு அவள் தாளைக் கையில் எடுத்து முழுவதையும் படித்தாள். முதல் வரியில் அவள் பெயர். மூன்றாவது வரியில், விட்டுக்கொடுக்கப்படும் எழுத்து இன்னது என்பதற்காக, ஃ என்று தனியாக. வாரியத்தின் இயந்திரம் இரண்டு இடத்திலும் ஒரு புள்ளி பிசகாமல் குத்தியிருந்தது.

"நல்லா வந்திருக்கு சார்" என்றாள். "என் பேரை இவ்வளவு தெளிவா யாருமே எழுதினதில்ல."

"ஆமாம்மா. கையெழுத்து கீழ போடணும்."

"இந்த எழுத்து இல்லாம இந்தத் தாளை அடிச்சுக் கொண்டாங்க சார். அதுல போடறேன்."

கணக்கு அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். எதை விட்டுவிட்டால் எதைச் சொல்ல முடியாமல் போகும் என்று அவர் மனத்துக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கூட்டி முடிப்பதற்குள் பக்கத்துக் கவுண்டரில் யாரோ ஒருவருடைய தெருவில் தண்ணீர் நின்றுபோன செய்தி பதிவானது. மணி அடித்தது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். கணக்கு அதிகாரியும் எழுந்து நின்றார். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். தாள் கையெழுத்தில்லாமல் கணக்கு அதிகாரியின் கையிலேயே இருந்தது.